யாருடைய பறை? அணியிலக்கணத்தைச் சேரியிலிருந்து வாசித்தல்

1

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு அணியிலக்கணம் என்பது பரீட்சைக்கு நெட்டுருப் போட்டு, எழுதி முடித்த மறுநாளே மறந்துபோகிற சங்கதி. உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு கூறுக, வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டுத் தருக. தந்தோம், மார்க் வாங்கினோம். தண்டியலங்காரம் சொல்கிற பொருளணிகள் 35 என்பது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஆனால் ஒரு பொருளுக்கு இன்னொன்றை ஒப்புச் சொல்லும்போது எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று யார் முடிவு செய்தார்கள்? நான் உட்கார்ந்த வகுப்பறை எதிலும் இந்தக் கேள்வி எழுந்ததில்லை.

அணி என்றால் நகை. அணி என்றால் வரிசை என்றும் பொருள் உண்டு. நம்முடைய வாத்தியார்கள் முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டார்கள். நமக்கு ரெண்டாவது பொருள்தான் முக்கியம். எது முன்னால், எது பின்னால், எது ஊருக்குள்ளே, எது ஊருக்கு வெளியே என்கிற வரிசை மண்ணில் மட்டும் போடப்படவில்லை. மொழிக்குள்ளேயும் போடப்பட்டிருக்கிறது.

தலித் எழுத்தில் அணியும் இல்லை, அழகும் இல்லை, வெறும் கூப்பாடுதான் என்று சொல்கிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். 'ஆமாம், எங்களுக்கு அழகியல் ஒரு கேடா?' என்று பதில் சொல்கிற நம்ம தோழர்களும் இருக்கிறார்கள். எனக்கு ரெண்டுமே உடன்பாடில்லை. அணியை அவர்களிடம் விட்டுவிட்டு வரமுடியாது. நம்முடைய பொருட்கள் பல அதற்குள்ளே மாட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்று பறை. அது மாட்டிக் கிடக்கிற இடம் எங்க ஊர்ப்பக்கம்தான். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் எட்டிப்பிடித்து விடுகிற ஸ்ரீவில்லிபுத்தூர்.

2

முதலில் விதிகளைப் பார்த்துவிடுவோம்.

தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை பிறக்கிற இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. செய்கிற வேலையால் ஒப்பு, விளைகிற பயனால் ஒப்பு, வடிவத்தால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. இதுவரைக்கும் வம்பில்லை. வேலையை முதலில் வைத்ததற்காக ஒரு கும்பிடுகூடப் போடலாம். அதற்கப்புறம் ஒரு விதி வருகிறது. ஒப்பாகச் சொல்லப்படும் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டுமாம். முகத்துக்குத் தாமரை, நடைக்கு அன்னம், கொடைக்கு மழை என்று நாம் படித்ததெல்லாம் இந்த விதியின் வாரிசுகள். தொடர்ந்து சிறப்பு, நலன், காதல், வலி என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்லி, கீழான பொருளையும் சேர்த்தால் ஐந்து என்று முடிக்கிறார் தொல்காப்பியர். அந்த ஐந்தாவதுக்கு அவர் வைத்த பெயர் 'கிழக்கிடு பொருள்'. நான்கு பேருக்குப் பிறகு, கீழே, ஐந்தாவதாக ஒன்று. இந்தக் கணக்கை நாம் வேறொரு இடத்திலும் கேட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே கணக்கு என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் கீழான பொருளுக்கும் இலக்கணத்தில் இடம் இருந்திருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்வோம்.

அடுத்தது செய்யுளியல். மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று தொடங்கிச் செய்யுளுக்கு 34 உறுப்புகள். கடைசி எட்டும் வனப்புகள்: அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. இதில் 'புலன்' என்பது என்ன? சேரிமொழியால் அமைந்து, பொருளைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் கேட்டமாத்திரத்தில் விளங்குகிற செய்யுள். சேரிமொழி! அது அழகுகளில் ஒன்று என்று சொன்னவர் நம்முடைய தோழர் யாரும் இல்லை, தொல்காப்பியர்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். பழந்தமிழில் சேரி என்றால் சேர்ந்து வாழ்கிற குடியிருப்பு. பார்ப்பார் இருந்த தெருவும் சேரிதான். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வரும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனியே குறிக்கப்படுகிறது. ஆகவே தொல்காப்பியர் நம்மை நினைத்து எழுதினார் என்று மார்தட்ட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. எல்லார் குடியிருப்புக்கும் பொதுவாக இருந்த ஒரு சொல், கடைசியில் நம் தலையில் மட்டும் வந்து நின்றுவிட்டது. அதோடு சேர்ந்து 'சேரிமொழி'யும் வனப்பு என்கிற பதவியை இழந்தது. வடமொழி அலங்கார நூல்களில் 'கிராம்யம்', அதாவது பட்டிக்காட்டுப் பேச்சு, ஒரு குற்றம். அந்த மரபில் வந்த தண்டியலங்காரத்தைத் தேடிப் பாருங்கள், புலன் என்ற வனப்பு இல்லை. முப்பத்தைந்து நகைகள் இருக்கின்றன.

பாட்டியல் நூல்கள் இதைவிட ஒரு படி மேலே போயின. பாவுக்குச் சாதி பிரித்தார்கள். வெண்பா அந்தணருக்கு, ஆசிரியப்பா அரசருக்கு, கலிப்பா வணிகருக்கு, வஞ்சிப்பா நான்காம் வருணத்துக்கு. எழுத்துக்கும் சாதி. உயிரெழுத்துகளும் மெய்யில் முதல் ஆறும் அந்தணர், அடுத்த ஆறு அரசர், பிறகு நான்கு வணிகர், மிஞ்சிய ழகரமும் ளகரமும் நான்காம் வருணம். 'தமிழ்' என்று எழுதினால் முதல் ரெண்டு எழுத்தும் அரச சாதி, கடைசி எழுத்து சூத்திர சாதி. இந்த மொழியின் பெருமையே 'ழ'கரத்தில் இருப்பதாக மேடைதோறும் முழங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கலம்பகம் பாடினால் தேவருக்கு 100 பாட்டு, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. ரேஷன் கார்டுக்கு அரிசி அளக்கிற மாதிரி அளந்திருக்கிறார்கள். ஐந்தாவது ஆளுக்கு எத்தனை பாட்டு? ஒன்றும் இல்லை. எத்தனை எழுத்து? அதுவும் இல்லை. பதினெட்டு மெய்யும் தீர்ந்துபோனது.

3

இனி ஸ்ரீவில்லிபுத்தூர்.

ஒவ்வொரு மார்கழியும் அந்த ஊரில் விடிவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் கேட்கிற சொல் எது தெரியுமா? பறை. திருப்பாவையின் முப்பது பாட்டில் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அந்தச் சொல் வருகிறது. முதல் பாட்டிலேயே வருகிறது, முப்பதாவது பாட்டிலும் வருகிறது. நோன்பு நோற்கிற பெண்கள் கண்ணனிடம் போய்க் கேட்பது பறையை. ஆண்டாள் ஒன்றும் மறைத்துப் பேசவில்லை. 26ஆம் பாட்டில் சங்கு, பல்லாண்டு பாடுவோர், விளக்கு, கொடி, விதானம் இவற்றோடு வரிசையாகப் பெரிய பறையையும் கேட்கிறாள். விளக்கு விளக்குதான், கொடி கொடிதான் என்றால் பறையும் பறைதான். தோல் கட்டிய, அடித்தால் சத்தம் வருகிற பறை.

29ஆம் பாட்டுக்கு வரும்போது கதை மாறுகிறது. இன்றைக்குப் பறை வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள் அல்ல நாங்கள், ஏழேழ் பிறவிக்கும் உனக்கே ஆட்செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, பெரியவாச்சான் பிள்ளை முதலான உரைகாரர்களின் மரபு பறையைக் கைங்கரியம் என்று விளக்கியது. ஊரார் வாயை அடைக்க நோன்புக்குப் பறை என்று சொன்னது ஒரு சாக்கு, உள்ளே இருக்கிற பொருள் பகவானுக்குச் செய்யும் தொண்டு. எம்.ஏ. வகுப்பில் எனக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 'அப்ப பறைன்னா பறை இல்லையா, சார்?' என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். பதில் வரவில்லை.

இதை அணியிலக்கணத்தின் பாஷையில் சொல்லிப் பார்ப்போம். ஒரு பொருள் உருவகமாக ஆக்கப்படுகிறது. ஆக்கும்போது அதன் தோல், கட்டை, புளியங்கொட்டைப் பசை, அதைத் தீயில் காய்ச்சுகிற கை எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. சொல் மட்டும் குளித்து, முழுகி, கர்ப்பக்கிரகம் வரைக்கும் போகிறது. அந்தச் சொல்லைத் தங்கள் சாதிப் பெயராகச் சுமந்த மனிதர்கள் மதிலுக்கு வெளியே நின்றார்கள். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்ததே பெரும் போராட்டத்தால் நடந்தது. அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாகப் பறை உள்ளே இருந்தது, பொருளாக மட்டும்.

ஆண்டாளுடைய இன்னொரு உருவகத்தையும் பார்க்க வேண்டும். அவள் வில்லிபுத்தூரை ஆய்ப்பாடியாகவும், தன்னை இடைச்சியாகவும் பாவித்தாள். அந்தப் பாவனை முற்றி, இடைச்சியரின் நடையும் பேச்சும் வந்தன, உடம்பில் முடை நாற்றமும் வந்தது என்று வைணவ ஆசிரியர்கள் உருகிச் சொல்வார்கள். பெரியாழ்வார் வீட்டுப் பெண்ணின் உடம்பில் நாற்றம் வந்தால் அது பக்தியின் உச்சம். தோல் பதனிடுகிற வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மேல் அதே நாற்றம் வந்தால், 'தள்ளி உக்காரு.' இரவல் வாங்கிய நாற்றத்தைக் கழற்றி வைக்கலாம். நம்முடையது கழற்ற முடியாதது என்று அவர்களே முடிவு கட்டியது. ஆண்டாள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆண் அதிகாரம் நிறைந்த ஒரு மரபில் தன் உடம்பின் ஆசையைக் கூச்சமில்லாமல் பாடிய பெண் அவள். என் கேள்வி, அவள் பாட்டுக்குப் பொருள் சொல்லும் அதிகாரத்தை வைத்திருந்தவர்களிடம்.

பறை தமிழ்க் கவிதைக்கு வெளியே இருந்து வந்ததும் அல்ல. தொல்காப்பியத்தின் அகத்திணையியல் கருப்பொருள்களைப் பட்டியலிடும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவைக்கு அடுத்துப் பறையைச் சொல்கிறது. செய்தியும் யாழும் அதற்குப் பிறகுதான். பறை இல்லாமல் ஒரு திணையின் கருப்பொருள் முழுமையாகாது. புறநானூற்றில் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கைத் தவிர வேறு குடி இல்லை என்கிறார். கவிதையின் மூலப்பொருளாக, குடியாக இருந்தது பின்னால் தீட்டாக ஆனது. தீட்டாக ஆன பிறகு, தத்துவமாக மட்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

4

சொற்கள் இப்படி மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் பழைய கதை மட்டுமில்லை. 2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்ற கட்டுரையை அரங்கேற்றினார். மறுநாள் அது தினமணியில் வந்தது. அதில் எடுத்தாளப்பட்ட ஆய்வு மேற்கோள் ஒன்று ஆண்டாளைத் தேவதாசி என்றது. தமிழ்நாடே ரெண்டுபட்டது. போராட்டங்கள் நடந்தன, வழக்குகள் போடப்பட்டன, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். கவிஞரும் பத்திரிகையும் வருத்தம் தெரிவித்தார்கள்.

அந்தச் சண்டையில் ஒரு தரப்பு, 'எங்கள் தாயாரை இழிவுபடுத்திவிட்டார்' என்றது. மறு தரப்பு, 'அந்தக் காலத்தில் அது மரியாதையான சொல்தான்' என்றது. மரியாதையான சொல் எப்படி வசைச்சொல் ஆனது, யாரால் ஆனது, அந்தச் சொல்லைச் சுமந்த பெண்கள் எந்தெந்தத் தெருக்களில் வாழ்ந்து செத்தார்கள் என்ற பேச்சு எழும்பவே இல்லை. 1947இல் சட்டம் போட்டுத் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய் விட்டவர்கள் யார்? கோயிலுக்கு அடியவள் என்று பொருள்படுகிற சொல் பெண்களோடு சேர்ந்து கீழே இறங்கியது. பறை என்ற சொல் அடிப்பவரை விட்டுவிட்டு மேலே ஏறியது. ஒரே மதிலுக்குள் ரெண்டு சொற்கள், ரெண்டு திசை. மனிதர்களுக்கு ரெண்டிலும் நட்டம்தான்.

இதே மாவட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் படையில் போரிட்ட தளபதி. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அதே ஆண்டு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. ஒன்றன் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்று இலக்கணம் சொல்கிறது. பெயர் ஒட்டிய இரும்புக்கும் தீட்டு ஒட்டும் என்று நம்புகிற சமூகத்துக்கு ஆகுபெயரைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அணியும் இலக்கணமும் ஏட்டில் கிடக்கிற சமாசாரம் என்று நினைக்கிற தோழர்கள் அந்த 1997ஐ ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

5

இதுவரை அவர்களைச் சொன்னேன். இனி நம்மை.

கடந்த முப்பது, நாற்பது வருசமாகப் பறையை நாம் மீட்டெடுத்திருக்கிறோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடிக்கிறார்கள். நம்ம மாநாடுகள் பறையில்லாமல் தொடங்குவதில்லை. இது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கு வந்து சேர்கிற கவிதைகளைப் பாருங்கள். பறை அதிர்கிறது, பறை முழங்குகிறது, பறை விடுதலையை அழைக்கிறது. கட்டை என்ன மரம் என்று ஒரு கவிதையிலும் இல்லை. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் எந்தெந்தக் கையில் என்று இல்லை. அடித்து முடித்த பிறகு தோள்பட்டை எங்கே வலிக்கும் என்று இல்லை. கூலி எவ்வளவு என்று நிச்சயமாக இல்லை.

ராஜபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியப்பாவிடம் இதைப் பேசினேன். சாவுக்கு அடிப்பதில்லை என்று சபதம் போட்டு, கொட்டைப் பரண்மேல் போட்டவர்.

'தம்பி, ஒங்க நோட்டீசுல கொட்டுப் படம் போட்டிருக்கீக. பாக்க நல்லாத்தேன் இருக்கு. எங்கய்யா அத மாட்டிக்கிட்டு எழவு வீட்டு வாசல்ல ராத்திரி முச்சூடும் நின்னாரு. விடியக்காலம் கஞ்சிய வாளியில ஊத்துனாக. ஒங்க படத்துல அந்த வாளி எங்கய்யா இருக்கு?'

இந்தக் கேள்விக்குக் கொள்கை விளக்கம் கொடுக்க முடியாது. உரைகாரர்கள் பறையைக் கைங்கரியம் ஆக்கினார்கள். நாம் அதை விடுதலை ஆக்குகிறோம். நோக்கம் நேர் எதிர்தான், சந்தேகமில்லை. ஆனால் செய்கிற வேலை ஒன்றாக இருக்கிறது: பொருளிலிருந்து சொல்லைக் கழற்றுவது. அடிமைத்தனம் என்று பறையைத் தூக்கிப்போட்டவருக்கும், கலை என்று கையிலெடுக்கிற இளைஞருக்கும் நடுவே உள்ள சண்டை உண்மையான சண்டை. நம்முடைய உருவகம் அந்தச் சண்டையை மூடி மறைக்கக் கூடாது. உருவகத்துக்குள் வாளியும் இருக்க வேண்டும்.

6

அப்படி ஒரு உருவகம் சாத்தியமா? சாத்தியம். அதுவும் எங்க ஊர்ப்பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் வெளியிட்ட நூலின் பெயர் 'கருக்கு'. பனைமட்டையின் ரெண்டு ஓரத்திலும் வாள்போல இருக்கிற பல். விறகு பொறுக்கப் போன கை அதில் கிழிபட்டிருக்கிறது. தாமரையைப்போல உயர்ந்த பொருளும் இல்லை, தண்டியின் பட்டியலிலிருந்து எடுத்ததும் இல்லை. வேலையிலிருந்து பிறந்த ஒப்பு அது, தொல்காப்பியர் முதலில் வைத்த 'வினை'. கிழிக்கிற சமூகமும் கருக்குத்தான், கிழிபட்டவர் திருப்பிப் பிடிக்கிற ஆயுதமும் கருக்குத்தான். கரு என்ற சொல்லும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இவ்வளவு பொருளையும் சுமந்துகொண்டு அந்த மட்டை மட்டையாகவே இருக்கிறது. கையை வைத்தால் இன்றைக்கும் கிழிக்கும்.

அந்த நூல் வந்தபோது பேச்சுமொழியைக் குறை சொன்னவர்கள் உண்டு. சேரிமொழியால் ஆனது, தேட வேண்டாமல் விளங்குவது என்றால் அதற்குப் புலன் என்று பெயர், அது வனப்பு என்று அவர்களுடைய இலக்கணமே சொல்லியிருக்கிறது. படித்த புலவர்கள் மறந்திருந்தார்கள். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் போய்ப் பரிசு வாங்கிய பிறகு பலருக்கு ஞாபகம் வந்தது.

7

ஆகவே, எழுதுகிற தோழர்களுக்கும், தமிழ் படிக்கிற மாணவர்களுக்கும் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு உவமையைப் பார்த்ததும் என்ன அணி என்று கேட்பதோடு நிற்காதீர்கள். இந்தப் பொருளைத் தொட்டு வேலை செய்தவர் யார், அவர் இந்தப் பாட்டுக்குள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைத் திருப்பாவையிடமும் கேளுங்கள், நம்ம இதழில் வருகிற கவிதையிடமும் கேளுங்கள்.

நம்ம தெருவில் ஒப்பாரி வைக்கிற கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வாயிலிருந்து விழுகிற ஒப்புகளை எழுதி வையுங்கள். வெறும் வரிகளை மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சாவு, யாருக்காக அழுதது, அந்த ஒப்பில் வருகிற பொருள் எந்த வேலைக்கு ஆகிறது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். தாலாட்டு, விடுகதை, வசவு எதையும் விடாதீர்கள். வசவில்தான் எங்க பக்கத்துக் கிழவிகள் அணி நயத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். நூறு பக்கம் சேர்ந்தால் அது நம்முடைய உவமவியல். அதில் உயர்ந்த பொருள், தாழ்ந்த பொருள் என்ற விதி இருக்கிறதா இல்லையா என்பது நாம் சேர்த்த பிறகுதான் தெரியும். இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

பறையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது அதைத் தோளில் மாட்டி, தீயில் காய்ச்சி, ஒரு மணி நேரம் நின்று அடித்துப் பாருங்கள். பிறகு எழுதுங்கள். கவிதை சின்னதாக வரும், பரவாயில்லை. அதில் ஒரு ஆள் நிற்பார்.